தொழிற்பேட்டையும் ஆரம்ப சுகாதார நிலையமும்: திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒரு சுற்றுச்சூழல் நலப்பணி



சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை நின்று திரும்பும் ஊர் கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இரும்பு உருக்கும் உலைகள், ரோலிங் மில்கள், ரசாயன ஆலைகள், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் ஆலைகள் எல்லாம் அங்கே உண்டு. பல மாவட்டங்களின் தொழிற்சாலைகளிலிருந்து வரும் அபாயகரமான கழிவுகளை லாரியில் கொண்டுவந்து பதப்படுத்திப் புதைக்கும் நிலையமும் அங்கேதான் இருக்கிறது. பேட்டையின் மதில் முடியும் இடத்தில் சிறுபுழல்பேட்டை, சித்தராஜகண்டிகை, பாப்பன்குப்பம் போன்ற ஊர்கள் தொடங்குகின்றன. இருளர் குடியிருப்புகளும், மாநிலத்தின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்றும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தங்கும் வரிசை வீடுகளும் அதே வட்டாரத்தில் உள்ளன. தெற்கே பொன்னேரி வட்டத்தில் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களும் அவற்றின் சாம்பல் குளங்களும். இந்த மக்களுக்கு மருத்துவம் கிடைக்கிறது. இவர்களைச் சுற்றியுள்ள காற்றை அளக்கவும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்தக் காற்றும் நீரும் மண்ணும் இவர்கள் உடம்பில் என்ன செய்திருக்கின்றன என்று கண்டறிந்து, எழுதிவைத்து, சொல்ல வேண்டிய பொறுப்பு எந்த அலுவலகத்துக்கும் இல்லை. அந்தப் பொறுப்பைப் பொது சுகாதாரத் துறையிடம், அதிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திடம், சட்டப்படி ஒப்படைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் இருப்பதைப் பார்ப்போம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியம் 1982இல் அமைந்தது. கும்மிடிப்பூண்டிக்கென்றே ஒரு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் இருக்கிறது. அந்தோணிப்பிள்ளை நகரில் வாரியத்தின் தொடர் காற்றுத் தர நிலையம் இயங்குகிறது. அதன் அளவுகளை மத்திய வாரியத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளில் பொருத்திய கருவிகள் கிண்டியில் உள்ள வாரியத்தின் மையத்துக்கு அளவுகளை அனுப்புகின்றன. இவை எளிதில் கிடைத்தவை அல்ல. போராடிப் பெற்றவையும், நீதிமன்றமும் பசுமைத் தீர்ப்பாயமும் உத்தரவிட்டுப் பெற்றவையும் இவற்றில் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர நெறிகள் ஈயத்துக்கு ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. நாள்தோறும் நாம் பார்க்கும் தொடர் நிலையத்து எண்களில் ஈயம் இல்லை. அதற்கு வடிகட்டித்தாளில் தூசியைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஈயம் உருக்கும் ஆலைகள் உள்ள வட்டாரத்தில் மக்கள் பார்க்கக் கிடைக்கும் எண், அவர்கள் கவலைப்பட வேண்டிய பொருளைப் பற்றியதாக இல்லை.

இனி மருத்துவத்தின் பக்கம். ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004இல் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர் அதற்காக நிரப்பும் ‘பி’ படிவம் இப்போது கணினிக்கு மாறிவிட்டது. அந்தப் படிவத்தை வரி வரியாகப் படித்துப் பார்த்தால் நம் பொது சுகாதாரம் எதைக் கண்ணில் வைத்திருக்கிறது என்று தெரியும். வயிற்றுப்போக்கு, சீதபேதி, மஞ்சள்காமாலை, டைபாய்டு, மலேரியா, டெங்கு, சிக்குன்குனியா, தட்டம்மை, தொண்டை அடைப்பான், கக்குவான், நிமோனியா, எலிக்காய்ச்சல் என்று வரிசை போகிறது. நாய்க்கடிக்கு ஓர் இடம், பாம்புக்கடிக்கு ஓர் இடம். ஈய நஞ்சுக்கு இடம் இல்லை. ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் இல்லை. ‘வீசிங்’ என்று சொல்லி நெபுலைசருக்கு வந்து உட்காரும் குழந்தையின் பெயர் ஓ.பி. பதிவேட்டில் ஏறும், மருந்து கிடைக்கும். அந்தக் குழந்தையின் வீடு எந்த ஆலைக்கு அருகில், அதன் தகப்பன் எங்கே வேலை செய்கிறான், அதே தெருவிலிருந்து அந்த மாதம் எத்தனை குழந்தைகள் வந்தன என்ற கேள்விகள் எழுதப்படும் இடம் அந்தப் பதிவேட்டில் இல்லை. மருத்துவரின் கவனக்குறைவாக இதைச் சொல்லவில்லை. கொள்ளைநோய்களைப் பிடிக்க வகுத்த முறை அது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. தொழிற்பேட்டைக்கு ஏற்ப அதை யாரும் விரிவாக்கவில்லை என்பதுதான் குறை.

ஈயத்தை எடுத்துக்கொண்டு இதைச் சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். பழைய பேட்டரியை உடைத்து, அமிலத்தை வடித்து, தகடுகளை உலையில் இட்டு உருக்கும்போது ஈயத்தின் புகையும் நுண்தூளும் கிளம்புகின்றன. நன்றாக நடக்கும் ஆலையில் பை வடிகட்டிகள் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். வடிகட்டி ஒழுங்காக ஓடாத ஆலையிலும், உரிமம் இல்லாமல் கொட்டகையில் நடக்கும் உடைப்பிலும் அது மண்ணில் வந்து படியும். தொழிலாளியின் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். தவழும் வயதில் தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தைதான் அதை அதிகம் உட்கொள்கிறது. அப்படி உள்ளே போன ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கு சிறுகுழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றும் அது சொல்கிறது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினாலே எங்கிருந்து வந்தது என்று தேடித் தடுக்க வேண்டும் என்பது அதன் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 2020இல் யுனிசெஃப்பும் ‘பியூர் எர்த்’ அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தை, ஏறத்தாழ 80 கோடிப் பேர், அந்த அளவையோ அதற்கு மேலோ ரத்தத்தில் சுமக்கிறது என்று மதிப்பிட்டது. இந்தியாவின் பங்கு 27 கோடிக்கு மேல். ஒரு வட்டாரத்தின் நிலைமையை உலக மதிப்பீட்டிலிருந்து ஊகிக்கக்கூடாது என்பது சரிதான். ஊகிக்காமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

ஈயம் ஒரு நோயாக வந்து நிற்பதில்லை. படிப்பில் மந்தம், எரிச்சல், வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு என்று வேறு பெயர்களில் வரும். எல்லாவற்றிலும் முக்கியமாக ரத்தசோகையாக வரும், ஏனென்றால் ரத்தச் சிவப்பணுவில் ஹீம் உருவாவதை ஈயம் தடுக்கிறது. நம் கிராம சுகாதார செவிலியர்கள் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். குறைந்தால் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். நம் ஊர்களில் ரத்தசோகைக்குப் பெரும்பாலும் இரும்புக் குறைவே காரணம் என்பதால் அது சரியான முதல் நடவடிக்கை. ஆனால் மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ஹீமோகுளோபின் தொழிற்பேட்டை ஓரத்தில் ஒரு தடயம். இரும்புச்சத்து குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும் என்பதால் ஏழைக் குழந்தைக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அந்தத் தடயத்தைத் தொடர்ந்து போக நர்சம்மாவிடம் இன்று கருவியும் இல்லை, உத்தரவும் இல்லை. தாயின் எலும்பில் பல ஆண்டுகளாகத் தங்கிய ஈயம் கர்ப்ப காலத்தில் கரைந்து சிசுவுக்குப் போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மகப்பேறு பரிசோதனை நடக்கும் இடமே இந்தச் சோதனைக்கும் ஏற்ற இடம் என்பது விளங்கும்.

சட்டம் இடம் கொடுக்குமா என்று கேட்கலாம். நாட்டிலேயே முன்னோடியான பொது சுகாதாரச் சட்டம் நம்முடையது. ராஜாஜி அமைச்சரவையில் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதாரப் பொறுப்பில் இருந்தபோது, 1939இல் சென்னை மாகாணம் இயற்றியது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் ஆகியவற்றோடு, மக்களின் உடல்நலத்துக்குக் கேடான தொல்லைகளைக் கண்டறிந்து நீக்கச் சொல்லும் அதிகாரமும் அந்தச் சட்டத்தில் சுகாதார அலுவலருக்கு உண்டு. பின்னால் 1974இல் நீர் மாசுச் சட்டமும், 1981இல் காற்று மாசுச் சட்டமும், 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. ஆலைகளின் மாசு பொறியாளர்களின் துறையாயிற்று. நோய் மருத்துவர்களின் துறையாகவே நின்றது. யாரும் தீய எண்ணத்தோடு செய்த பிரிவு அல்ல இது. ஆனால் அதன் விலையை மதிலுக்கு வெளியே இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கத்தக்க நோய்கள் என்று ஒரு பட்டியல் தந்தது. அதன் முதல் வரியே ஈய நஞ்சுதான். அந்த நோயைக் காணும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்தப் பட்டியல் ஆலைக்குள் வேலை செய்பவரைப் பற்றியது. அவர் சட்டையோடு வீட்டுக்கு வந்த ஈயத்தால் அவர் மகளுக்கு நேர்வதை எவருக்கும் எழுதத் தேவையில்லை.

கிராமத்து மக்களை வீடு வீடாகக் கணக்கெடுத்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஒரு மறுப்பு உண்டு. வேறு எந்த மாவட்டத்தில் இதைச் சொன்னாலும் நின்று விளக்க வேண்டியிருக்கும். திருவள்ளூரில் இதைச் சொல்ல இடமே இல்லை. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூரைச் சுற்றிய 209 கிராமங்களிலும் ஒன்பது ஊர்களிலும், பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் பதிவாயிற்று. நடமாடும் எக்ஸ்ரே வண்டிகள் ஊர் ஊராகப் போயின, சளி மாதிரிகள் சென்னைக்குப் போயின. இரண்டரை ஆண்டுக்கு ஒரு சுற்று என்று பதினைந்து ஆண்டுகள் அதே மக்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவு உலகெங்கும் மருத்துவச் சிந்தனையை மாற்றியது. தொலைபேசிகூட ஊருக்கு ஒன்று இருந்தால் பெரிது என்ற காலத்தில் நடந்த வேலை இது. நூற்றாண்டுத் திருப்பத்தில் இதே மாவட்டத்தில் காசநோய்க்கான நேரடி மேற்பார்வைச் சிகிச்சையின் பலனை அளக்க மீண்டும் வீடு வீடாகக் கணக்கெடுப்புகள் நடந்தன. உலக மருத்துவத்துக்கு இத்தனை கொடுத்த மக்கள் தங்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஆள் இல்லை, வசதி இல்லை என்று சொல்வது நியாயமாகாது.

மாசுக் கட்டுப்பாடு வாரியம் இருக்கும்போது இன்னொரு துறை எதற்கு என்ற கேள்வி அடுத்தது. வாரியம் இசைவாணை தருகிறது, ஆய்வு செய்கிறது, மீறினால் நோட்டீஸ் அனுப்புகிறது. பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் நிறைந்த அமைப்பு அது. அதன் கேள்வி, ஆலை வரம்புக்குள் இயங்குகிறதா என்பது. சுகாதாரத் துறையின் கேள்வி, மனிதர்கள் நலமாக இருக்கிறார்களா என்பது. ஐம்பது ஆலைகளும் தனித்தனியே வரம்புக்குள் இருந்தாலும் ஐம்பதின் புகையும் ஒரே ஊரில் போய்ச் சேரும்போது அங்குள்ளவர் உடம்பு வரம்புக்குள் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நெறியே தளர்ந்திருந்தால்? பிஎம் 2.5 என்னும் நுண்தூசிக்கு நம் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்தது 5. இந்த இடைவெளியில் நிற்கும் மக்களைச் சட்டத்தை மீறாத காற்றும் பாதிக்கும். ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாகத் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரையில், பிஎம் 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் குழந்தையின் பிறப்பு எடை 4 கிராம் குறைவதாகக் கண்டார்கள். ஒரு குழந்தைக்கு 4 கிராம் அற்பம். ஆனால் அதே அளவு உயர்வுக்கு எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடியது என்பதுதான் பொது சுகாதாரம் கவனிக்க வேண்டிய முடிவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இத்தகைய வேலை நடக்கும் என்பதற்கும் அதுவே சான்று.

‘இந்த ஆலையால் இந்த நோய்’ என்று நிரூபிக்கவே முடியாது என்பது மிகவும் வலுவான மறுப்பு. பீடியும் விறகடுப்பும் லாரிப் புகையும் நெல் ஆலை உமித்தூசியும் எல்லார் நுரையீரலிலும் கலந்திருக்கும்போது யாரைக் குறை சொல்வது? ஜப்பானில் யொக்காய்ச்சி நகரம் 1960களில் இதே கேள்வியைச் சந்தித்தது. மியே மாகாணத்து மருத்துவப் பேராசிரியர் யோஷிதா கட்சுமி புதிய கருவி எதையும் தேடவில்லை. தேசிய மருத்துவக் காப்பீட்டின் பில்களை வட்டாரவாரியாகப் பிரித்தார். பெட்ரோலிய ஆலைகளின் காற்று வீசும் இசோசு மீனவர் பகுதியில் ஆஸ்துமா மற்ற இடங்களைவிட அதிகம் என்று அந்தப் பதிவுகளே காட்டின. 1972இல் நீதிமன்றம் அத்தகைய கொள்ளைநோயியல் சான்றை ஏற்று ஆறு நிறுவனங்களும் சேர்ந்தே பொறுப்பு என்றது. தனி ஒருவர் உடம்பில் நிரூபிக்க முடியாததை ஓர் ஊரின் பதிவேடு நிரூபிக்கும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014இல் குடிநீர் மூலத்தை மாற்றியபோது, தண்ணீர் நல்லது என்றே அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, ஏழைக் குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்யும் ரத்த ஈயச் சோதனைகளை எடுத்து, நீர் மாறுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார். 5 மைக்ரோகிராமைத் தாண்டியவர்கள் 2.4 விழுக்காட்டிலிருந்து 4.9 ஆகியிருந்தார்கள். பேரிடர் வருமுன்பே சோதனை வழக்கமாக இருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது. நம்மிடம் அந்த ‘முன்’ இல்லை. ஒவ்வோர் ஆண்டு தள்ளிப்போடும்போதும் அது இன்னும் கைவிட்டுப் போகிறது.

ஆய்வு நடத்தாமல் இல்லையே என்பார்கள். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி 80,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. சுவாச நோய்கள் கூடுதலாக இருப்பதை அது பதிவு செய்தது. அரசுக் கல்லூரியே செய்த நேர்மையான பணி. அடுத்த பத்தாண்டில் அது ஆண்டுதோறும் தொடர்ந்திருந்தால் ஒரு நகரமே தெருவில் நின்று கேட்க வேண்டிய கேள்விகளுக்கு அலுவலகத்தின் அலமாரியிலேயே விடை இருந்திருக்கும். 2018இல் அங்கே ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போன உயிர்களை நினைக்கும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருமுறை நடத்தும் ஆய்வு அறிக்கையாக முடிந்துவிடும். நான் கேட்பது ஓயாது நடக்கும் பணியை.

தொழிலாளர்களிடமிருந்தே வரும் அச்சம் ஒன்று உண்டு. அதற்கு நான் மிகவும் மதிப்புக் கொடுக்கிறேன். ரத்தத்தில் ஈயம் அதிகம் என்று தெரிந்தால் வேலை போய்விடும். இஎஸ்ஐ காப்பீட்டில் தொழில்சார் நோய்க்கு ஈட்டுத்தொகை உண்டு என்றாலும், காண்டிராக்டர் பெயரில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு ஊர் மாறும் ஆளுக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. சோதனையை மட்டும் கொண்டுவந்து பாதுகாப்பைக் கொண்டுவராவிட்டால் அவர்கள் சோதனைக்கு வரமாட்டார்கள். வராமல் இருப்பது அவர்கள் நோக்கில் நியாயமும்கூட. 1978இல் அமெரிக்கா வகுத்த தொழிலிட ஈய விதி இதற்கு வழி காட்டுகிறது. அளவு கூடியவரை ஈயம் இல்லாத வேலைக்கு மாற்ற வேண்டும், பதினெட்டு மாதங்கள் வரை சம்பளமும் பணி உரிமையும் குறையக்கூடாது என்பது அது. ஆலைகள் ஓடிவிடும் என்ற பயமும் இதோடு சேர்ந்தது. ஒழுங்காக வடிகட்டி ஓட்டும் ஆலைக்கு இந்தப் பணி எதிரி அல்ல. இரவில் வடிகட்டியை நிறுத்திச் செலவை மிச்சம் பிடிப்பவரோடு அந்த ஆலை இன்று நட்டத்தில் போட்டியிட்டுக்கொண்டிருக்கிறது.

என்ன வேண்டும் என்பதைச் சொல்கிறேன். தொழிற்பேட்டை உள்ள ஒவ்வொரு வட்டாரத்திலும், பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ், ஒரு சுற்றுச்சூழல் நலப் பிரிவு வேண்டும். அதில் ஒரு மருத்துவர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் ஆய்வக நுட்பர் இருந்தால் தொடங்கிவிடலாம். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை போகும் சிறார் நலப் பரிசோதனைக் குழு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கையடக்கக் கருவியில் ஈயம் பார்க்கட்டும். அளவு கூடினால் சிரை ரத்தத்தை எடுத்து ஆய்வகத்தில் உறுதி செய்யட்டும். வீசிங்குக்கு வரும் ஒவ்வொருவரின் ஓ.பி. பதிவிலும் ஊரும் தெருவும் தொழிலும் ஏறட்டும். கிணற்று நீரையும் கைபம்பு நீரையும் குளோரினுக்கும் கிருமிக்கும் மட்டும் பார்க்காமல் உலோகங்களுக்கும் பார்க்கட்டும். மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி நீர் எடுத்து, கடல்நீர் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்ட கதையை அறிந்தவர்கள் நிலத்தடி நீரை நம்பிக்கையின் பேரில் விட்டுவிட மாட்டார்கள். முடிவுகளை ஆண்டுக்கு ஒருமுறை, தனிநபர் பெயர் இல்லாமல், ஊர்வாரியாகத் தமிழில் அச்சிட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மாசுக் கட்டுப்பாடு வாரியம் இத்தனை நாளுக்குள் வந்து மூலத்தைத் தேட வேண்டும் என்று விதி வேண்டும். ஈயத்துக்கு மருந்து கொடுத்து இறக்குவது கடும் நஞ்சேற்றத்தில் மட்டுமே. மற்றவர்களுக்கு மூலத்தைத் தடுப்பதும், இரும்பும் கால்சியமும் உள்ள உணவுமே சிகிச்சை. வழி இல்லாமல் சோதித்தால் பீதிதான் மிஞ்சும் என்பவர்களுக்கு இதுவே பதில்.

ஆட்களுக்கும் அறிவுக்கும் பஞ்சம் இல்லை. தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் சென்னையை ஒட்டிய அயப்பாக்கத்திலேயே இருக்கிறது. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலத்தில் தொடர வேண்டும் என்பது இப்போதைய பாடத்திட்டம். அந்தக் குடும்பங்களில் ஒரு பகுதியைக் கும்மிடிப்பூண்டியிலும் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்தின் ஓரத்திலும் தேர்ந்தெடுக்கப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியபோது ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தர முடியும் என்று பலர் நம்பவில்லை. இன்று அது நடக்கிறது. அதே வாசலில் இன்னொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்.

இந்த அவையில் ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களும் இருந்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: எங்கள் ஊர் அங்கன்வாடியில் உள்ள ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவருக்கும் ரத்தத்தில் ஈயம் சோதிக்க வேண்டும், முடிவைப் பெற்றோரிடம் தர வேண்டும். அதன் நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பி, ஒப்புதல் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.